எட்டாவது குழி, மறுபடியும் பதினேழாவது

முதல் ஆண்டு அதற்குப் பெயரே இல்லை.
டயர்க் கடைக்காரர் ஆயிரத்து இருநூறு டாலர் தந்தார்,
மெதடிஸ்ட் தேவாலயம் மடக்கு நாற்காலி தந்தது.
அயோவாவில் ஓட்டர் பிரெய்ரி:
ஒன்பது குழிதான் மைதானம்.
இரண்டு முறை சுற்றினால் பதினெட்டு, கணக்குச் சரி என்றார்கள்.
எட்டாவது குழியே சாயங்காலம் பதினேழாவது ஆகும்.

முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள்.
பாதிப் பேர் கழுத்தில் காரில் தூங்கிய சுளுக்கு.
வென்றவள் மார்வெல் டிக்ஸ்ட்ரா.
எண்ணூறு டாலர் காசோலையில்
'திருவாளர்' என்று எழுதிவிட்டார் வங்கி மேலாளர்.
மாற்றித் தரட்டுமா என்றதற்கு
பணம் மாறாதே என்று மடித்துப் பையில் வைத்தாள்.

பிறகு பெயர்கள் வந்தன.
ஆறு ஆண்டு டயர்.
நாலு ஆண்டு பன்றித் தீவனம்;
கோப்பையின் மேல் பித்தளைப் பன்றி,
யாரும் சிரிக்கவில்லை,
எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது.
ஓராண்டு விவாகரத்து வக்கீல் ஒருவர்.
பெரிய சுற்றுக்குப் போகும் வழி இதுவே
என்றது விளம்பரத் தட்டி.
வழிதான்.
வழியில் நிற்பவர்க்கு யானைப் பசி, பரிசோ சோளப்பொரி.
சோளத்துக்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை,
எட்டாவது குழியின் வேலிவரை வந்து நிற்கும்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்தினேன்,
ஜூனில் ஸ்கோர்ப் பலகை எழுதினேன்.
பாருக்குக் கீழே என்றால் சிவப்பு, மேலே என்றால் கறுப்பு.
இருபத்திரண்டு ஆண்டும்
தீர்ந்துபோனது கறுப்பு மார்க்கர்தான்.
பிம்சிரி வோங்பைபூனுக்குக் கட்டம் போதவில்லை.
பெயரை வெட்ட வேண்டாம்,
எழுத்தைச் சிறிதாக்குங்கள் என்றாள்.
அன்றிலிருந்து எல்லோரையும் சிறிதாகவே எழுதினேன்.
பார்வையாளர்கள் கண்ணாடி தேடினார்கள்.
பார்வையாளர்கள் என்றால் நாற்பது பேர், இரண்டு நாய்.

ஆறு ஏறிய ஆண்டு
சனிக்கிழமை ஆட்டம் இல்லை.
சாக்கு இருந்தது, மணல் இல்லை.
கோர்லிஸ் நீமான்தான் சொன்னாள்:
அவள் வீட்டு நிலவறையில் தங்கியிருந்தவர்கள் ஏழு பேர்,
முட்டைகளில் பெயர் எழுதி அவள் ஃபிரிட்ஜில் வைத்தவர்கள்.
மணல்குழிகள் இருக்கின்றனவே என்றாள்.
வாழ்நாளெல்லாம் அதிலிருந்து தப்பிக்கப் பழகியவர்கள்
இறங்கி, முழங்கால்வரை நின்று,
மண்வெட்டியால் அள்ளினார்கள்.
அந்த ஆண்டு வென்றவள் பெயர்
கோப்பையில் பொறிக்கப்படவில்லை. பொறிப்பவர் கடை தண்ணீருக்குள்.

இட்ஸெல் பராகன், எர்மோசியோ நகரத்துக்காரி.
மூன்று ஆண்டு வந்தாள்.
நூற்று நாற்பத்தேழு உள்ளே என்றால் அவள் நாற்பத்தெட்டு,
நாற்பத்தாறு என்றால் நாற்பத்தேழு.
மூன்றாம் ஆண்டு எட்டாவது குழியின் விளிம்பில்
பந்து நின்றது.
விழும் விழும் என்று நாய்கள்கூட அசையவில்லை.
விழவில்லை.
அவள் பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்,
நான் மூடியைத் திறந்து கறுப்பை எடுத்தேன்.

போட்டி போனது ஓர் அக்டோபர் கடிதத்தில்.
கேசினோவும் முழுசாகப் பதினெட்டுக் குழியும் உள்ள ஊர்
நாலு மடங்கு பணம் தருகிறதாம்.
யார்தான் வேண்டாம் என்பார்கள்?
பித்தளைப் பன்றி மட்டும் எங்களிடம் தங்கிற்று.

போன ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை.
பயிர்க் காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்தார் என்று
வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன்.
இட்ஸெல்.
பூட்ஸும் தொப்பியுமாய்ச் சோளத்துக்குள்ளிருந்து வந்தாள்,
ஒரு கையில் படிவம், மறுகையில் பதினொரு பழைய பந்து.
அதில் உன்னுடையது உண்டா என்று கேட்டேன்.
நான் இந்தப் பக்கம் அடித்ததே இல்லை என்றாள், கொஞ்சம் கோபமாக.

முறிந்த தட்டைகளை எண்ணி முடித்து
பதினான்கு சதவீதம் என்றாள்.
நில உரிமையாளர் தலையைச் சொறிந்தார்:
பதினைந்து என்றால் கடன் அடைபடும்.
ஒன்றுதானே,
கூடப் போட்டால் என்ன?

இட்ஸெல் மறுபடி உள்ளே போனாள்.
முதல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.