இடஞ்சுழி

கேத்தியில் மழை விட்ட மூன்றாம் நாள்
பட்டர்பீன்ஸ் கொடியைக் கம்பிவேலியில் ஏற்றினேன்.
பழைய நைட்டி கிழித்த நாடா,
வலப்பக்கமாய் இரண்டு சுற்று.

விடிந்து பார்த்தால்
சுற்றை அவிழ்த்துக்கொண்டு
பனிமூட்டத்தில் தலைநீட்டி நிற்கிறது
பஸ்ஸை விட்டவள் மாதிரி.
மறுபடி சுற்றினேன். மறுபடி அவிழ்ந்தது.
திட்டினேன்கூட. அப்புறம் விட்டுவிட்டேன்.

ஊட்டியில் கடைவாய்ப்பல் பிடுங்கித்
திரும்பிய அன்றுதான் கவனித்தேன்.
நாடா மட்டும் கம்பியில்.
கொடி தானாக ஏறியிருந்தது
இடப்பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி
வேலி தாண்டி
பெனடிக்டாவின் துணிக்கயிற்றுக்கு.
அவள் சிவப்பு ஸ்வெட்டரின் கைக்குள்
நுனி.

இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்,
ஒரு சாக்கடைக் குழாய் விஷயம்.
கத்தரிக்கோலோடு வந்தவள்
கொஞ்சம் நின்றாள்.
கிளிப்பைக் கழற்றி
ஈர ஸ்வெட்டரை மெல்ல உருவிக்கொண்டாள்.
"மழை வரும்" என்றாள்,
கொடியிடமா என்னிடமா.

வாய் நிறையப் பஞ்சு எனக்கு.
தலையை ஆட்டினேன்.