நாற்பத்தொன்று

மூன்றாவது பள்ளத்தாக்கில் மழை தொடங்கும்.
முன்னால் யதுசன், கையில் கயிறு.
பின்னால் நான், தோளில் மரப்பெட்டி.
ஏழெட்டுத் துளிதான் விழும்,
திரை கறுத்துவிடும்.
விசிறிகூட ஒரு மூச்சு விடாது.

பேர்கனிலிருந்து வாட்ஸப்பில் வருவான்:
"டேய், திரும்ப விழுந்திட்டாய்.
பெட்டி ஆத்தோட போட்டுது."

இருபத்தாறு தரம் விழுந்தேன்.
திகதி, நேரம், எத்தனையாவது துளி,
எல்லாம் கொப்பியில் இருக்கிறது.

பகலில் மாங்குளம் சந்தியில்
போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன் நான்.
பள்ளிக்கூடத்துப் பிரின்டர், சங்கக்கடையின் கிழட்டு லப்டொப்
எல்லாம் என் மேசையில்தான் கண் திறக்கும்.
"தம்பி கை வைச்சால் சரி" என்பார் அதிபர்.
இரவில் அதே கை
என் சொந்தப் பெட்டிக்கு முன்னால்
சும்மா கிடக்கும்.

டிரைவரைக் கழற்றிப் பழையதைப் போட்டேன்,
அதற்கும் பழையதைப் போட்டேன்.
விளையாட்டை வேரோடு அழித்து மறுபடி இறக்கியதில்
நான்கு இரவும் இரண்டு டேட்டா கார்ட்டும் போயின.
ராம் இரண்டையும் உருவி
மருமகளின் அழிறப்பரால் பல்லைத் தேய்த்தேன்.
இதை மட்டும் போட்டு ஒரு நாள், அதை மட்டும் போட்டு ஒரு நாள்.
விடியும்வரை சோதித்ததில் பிழை பூச்சியம்.
பக்கத் தகட்டைத் திறந்து மேசைவிசிறியைத் திருப்பிவிட
ஒரு கைப்பிடி கிறவல் புழுதி வந்தது,
உள்ளே குடித்தனம் நடத்திய எறும்புகள்
முட்டையும் தாங்களுமாய் வந்தன.
சூடு அறுபத்திரண்டு. அதிலும் குற்றமில்லை.

பதிவேட்டில் மட்டும் ஒவ்வொரு தரமும் ஒரே எண்.
நாற்பத்தொன்று.
ஒழுங்காய் நிறுத்தாமல் நின்றுவிட்டது என்று அர்த்தமாம்.
இதயம் நின்றதால் இறந்தார் என
எழுதித் தருவார்களே, அது மாதிரி.

"மழையிலதான் ஏதோ இருக்கு" என்றேன்.
"இஞ்ச வருசம் முழுக்க மழை மச்சான்,
ஒருத்தரும் கிராஷ் ஆகேல்லை."

ஓர் இரவு மழையின் தரத்தைக் குறைத்துப் பார்த்தேன்.
குருணல் அரிசி மாதிரித் துளிகள்,
ஆற்றில் எங்கள் நிழல் இல்லை.
இருபது நிமிடம் தாங்கியது!
அப்போதுதான் பொறி தட்டிற்று.
நல்ல மழைக்கு நல்ல கறண்ட் வேண்டும்.
கேட்கிறவன் கேட்கிறான்,
கொடுக்கிறவனிடம் இல்லை.

பவர் சப்ளை வவுனியாவில் வாங்கியது.
மேலே பொன்னெழுத்தில் அறுநூறு வாட்.
பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் ஆறவிட்டுத் திறந்தேன்.
பெருவிரல் மொத்தத்தில் ஒரு சுருள்,
மூலையில், பாரம் காட்ட,
பசை போட்டு ஒட்டிய சீமெந்துக் கட்டி.
படிக்கல்லில் ஏமாற்றி மீன் விற்றவனைக் கண்டிருக்கிறேன்.
கறண்ட் விற்றவனை அன்றுதான் கண்டேன்.

கிளிநொச்சியில் செல்வரூபன் கடையில் புதுசு
பதினேழாயிரத்து ஐந்நூறு.
பாதி கையில். மீதி
புலமைப்பரிசில் வினாத்தாள் கொப்பி அடிக்கும் மாதத்தில்.
மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.
"என்ன தம்பி, தண்ணி மோட்டரோ?" என்றார் கொண்டக்டர்.
"மழை மோட்டர்" என்றேன்.
மிச்சக்காசைத் தர மறந்து போனார்.

இரவு எட்டரை.
எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.
மழை வந்தது. எண்ணவில்லை.
இடுப்பளவு ஆறு, அதில் மின்னல் உடைந்து உடைந்து போனது.
யதுசன் அக்கரையில் கால் வைத்துவிட்டான்.
எனக்கு இன்னும் இரண்டு எட்டு.

திரை கறுத்தது.

கொப்பியைத் தேடி எழுந்தேன்.
அடுத்த வீட்டு விசிறி நிற்கும் சத்தம் கேட்டது.
அரைக்கும் ஆலை இழுத்து இழுத்து அடங்கியது.
கோயில் ஒலிபெருக்கி ஒரு சொல்லின் நடுவில் வாய் மூடிற்று.
ஏ-ஒன்பதில் போன பஸ்ஸின் வெளிச்சம்
சுவரில் ஊர்ந்து போனது.

"திரும்ப விழுந்திட்டியா?"
"நான் இல்லையடா. மாங்குளமே விழுந்திட்டுது."
போனில் மழை கேட்டது,
அவனுடையதா ஆற்றினுடையதா தெரியவில்லை.
"சரி, வா. நான் கயித்தை விடேல்லை."

கறண்ட் வந்ததும் பார்த்தால்
அங்கே நாற்பத்தொன்று என்றுதான் இருக்கும்.
அதற்கு வித்தியாசம் தெரியாது.
போன் வெளிச்சத்தில் கொப்பியை விரித்து
இருபத்தேழு என்று எழுதினேன்.
எழுதிவிட்டு வெட்டினேன்.