ஆடி பதினெட்டில் தொடங்கியது

தங்கை பஞ்சாங்கம் பார்த்தாள்: ஆவணி எட்டு.
நான் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் பின்னோக்கி எண்ணினேன், இருபத்தொரு நாள்.
விரல் போய் நின்றது ஆடி பதினெட்டில்.

ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பாள் அவள்.
பதினெட்டில் மட்டும் தொடங்கலாம், தொட்டது பெருகும்.
எனக்கோ பெருகவே கூடாத ஒன்றுக்காகத்
தொடங்க வேண்டியிருந்தது.

இலை எடை போடுகிறவள் நான்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிக்கத் தெரியும்,
கூடையடியில் கல் வைப்பது யாரென்றும் தெரியும்.
மாத்திரை டப்பாவையும் ஒருநாள் தராசில் வைத்தேன்.
முள் அசையவில்லை.

யோகராசா எதையும் மறைக்கவில்லை.
பெண் கேட்டு ஆள் அனுப்பும் முன்பே
டானிங்டன் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னார்.
சொல்லிவிட்டு, கட்டபெட்டு பஸ் வந்தும் ஏறாமல் நின்றார்.
நானும் ஏறவில்லை.
அடுத்த பஸ் வரும்வரை கேரட் விலை பேசினோம்.

ஊட்டி பெரியாஸ்பத்திரியில் ஹில்டா சிஸ்டர்
அவருடைய தாளைக் காட்டினார்:
கிருமி எண்ணிக்கையில் அகப்படவில்லை,
இப்படியே மருந்து எடுத்தால் இவரிடமிருந்து வராது.
எண்ணிக்கையில் அகப்படாதது என்றதும்
எனக்குக் கல் வைத்த கூடை ஞாபகம் வந்தது.
'அப்படியும் வேண்டுமென்றால் உனக்கும் ஒன்று இருக்கிறது,
வரும் முன்பே போட்டுக்கொள்வது.'
ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் பார்த்தார்கள்.
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
அவர்தான் சொன்னார்: போட்டுக்கொள்.
நீ போட்டுக்கொண்டால் நான் தூங்குவேன்.

எங்கள் டிவிஷனில் மழை இறங்குமுன்
செம்பு மருந்து அடிப்பார்கள்.
கொப்புளம் விழுந்த இலைக்கு அல்ல,
இன்னும் விரியாத கொழுந்துக்கு.
பனி வந்து உட்காரும் முன்
நீலம் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
செடிமேல் சந்தேகமா, பனிமேல் கோபமா என்று
சூப்பர்வைசரை யாரும் கேட்டதில்லை.

என் மாத்திரையும் நீலம்.
ஒரு டப்பா நாலு நாள் சம்பளம்.
என்ன மாத்திரை என்றாள் தங்கை. தைராய்டு என்றேன்.
இந்த லைனில் தைராய்டு இல்லாதவள் யார்? நம்பினாள்.
முதல் வாரம் குமட்டியது.
ஜவுளி எடுக்க மேட்டுப்பாளையம் இறங்கினோம்,
கொண்டைஊசி வளைவில் ஜீப்பே வாந்தி எடுத்தது.
என்னுடையதை யார் தனியாகப் பார்ப்பார்கள்?

பதினோராம் நாள் எடை முடிய இருட்டிவிட்டது,
மறந்து படுத்துவிட்டேன்.
பன்னிரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து
பச்சைத் தண்ணீரில் விழுங்கினேன். பல் கூசியது.
டிக் அடித்தபோது கை நடுங்கியது,
குளிரால்தான்.

ஆவணி எட்டு. மாரியம்மன் கோயில். மழை.
மூன்றாம் முடிச்சை என் தங்கை போட
அவர் கை இன்னும் கழுத்தருகே இருந்தது,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இரவு ஒன்பதுக்கு
அவர் போனும் என் போனும் ஒன்றாக அலறின.
அன்றைக்கு அப்போதுதான் சிரித்தோம்.
வெந்நீர் இருந்தது, டம்ளர் ஒன்றுதான் இருந்தது.
தன் மாத்திரையைப் போட்டுக் குடித்தவர்
வேட்டி நுனியால் விளிம்பைத் துடைக்கப் போனார்.
பழக்கம். அண்ணன் வீட்டில் ஆறு வருஷம்
தனித் தட்டு, தனி டம்ளர்.
துடைக்கும் முன் வாங்கிக்கொண்டேன்.
அவர் வாய் பட்ட பக்கமாகவே திருப்பிக் குடித்தேன்.
இதற்கு மாத்திரை வேண்டாம்,
ஹில்டா சிஸ்டர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பேரேட்டில் இருபத்திரண்டாவது டிக்.
பக்கம் நிறைந்துவிட்டது.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து
என்ன கணக்கு என்றார்.
இலைக் கணக்கு என்றேன்.
ஈரம் கழித்தாச்சா என்றார்.