காரணம் சொல்லத் தேவையில்லை

ஐயா அல்லது அம்மா,
கையெழுத்திட்ட நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள்
எப்போது வேண்டுமானாலும் விலகலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை
என்று ஏழாம் பக்கத்தின் அடியில்
எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.
இன்று பன்னிரண்டாம் நாள்.

துணிக்கடை வேலையை விட்டபோது காரணம் கேட்டார்கள்.
தேவாலயப் பாடகர் குழுவை விட்டபோது
மூன்று பேர் வீட்டுக்கே வந்து கேட்டார்கள்.
கேட்காத ஒரே ஆள் நீங்கள்தான்.
என்னிடமோ காரணங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதல் தாளில் காரைப் பற்றி எழுதினேன்.
சாம்பல் நிறம். பின்கதவை ஓங்கிச் சாத்தினால்தான் சாத்தும்.
லானெல்லி ஷோரூமில் காப்பி கொடுத்து, குடை கொடுத்து
வட்டியைக் கொஞ்சம் ஏற்றிவைத்தான் விற்றவன்.
ஏற்றிய அளவுக்கு அவனுக்குத் தரகு;
அதை அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
குடை முதல் வாரமே கடற்கரைக் காற்றில்
மல்லாந்துகொண்டது.
கடன் ஐந்து வருடம் நேராக நின்றது.
கிழித்துவிட்டேன்.
இது வங்கிக்குச் சொல்ல வேண்டியது, உங்களுக்கு அல்ல.

இரண்டாம் தாளில் ப்ளோட்வென்.
பள்ளிச் சமையலறையில் என்னோடு உருளைக்கிழங்கு உரிப்பவள்.
ஒரே ஒரு படிவம், இலவசம், நீயே அனுப்பலாம் என்றாள்.
வங்கி மறுத்தால் குறைதீர்ப்பாளர், அவரும் இலவசம்.
வருவதில் மூன்றில் ஒரு பங்கை அள்ளிக்கொடுத்து
கூலிக்கு மாரடிக்க ஆள் வைத்திருக்கிறாயே,
செத்தது உன் காசு,
உனக்கு அழத் தெரியாதா?
அதையும் கிழித்தேன்.
அவள் சொன்னால் சிரிப்பு வருகிறது,
எழுதினால் வசவாகிவிடுகிறது.

மூன்றாம் தாளைக் கிழிக்கவில்லை. அனுப்பவும் போவதில்லை.

உங்கள் கேலம் நல்ல பையன்.
முதல் நாள் மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டான்,
நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறதே,
திரு. ப்ரோசர் பக்கத்தில் இருக்கிறாரா?
வெளியே போயிருக்கிறார் என்றேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
எப்போது வருவார்?
நேரமாகும்.
பரவாயில்லை, அவசரமில்லை என்றான்.
நான்கு நாள் கழித்து மறுபடியும்:
வந்துவிட்டாரா?
தூங்குகிறார்.
எழுப்ப வேண்டாம், எழுப்ப வேண்டாம் என்றான்
குரலைத் தாழ்த்தி,
பக்கத்து அறையில் கேட்டுவிடும் என்பதுபோல.

பிறகு நீங்கள் அச்சடித்து அனுப்பிய தாளில்
எம்ரிஸ் ப்ரோசர் என்ற பெயருக்கு எதிரே
'தொடர்புகொள்ள ஏற்ற நேரம்: மாலை.'

வங்கி, ஓய்வூதிய அலுவலகம், நூலக அட்டை, பல் மருத்துவர்,
எல்லா இடத்திலும் அந்தப் பெயரை அடித்தாயிற்று.
நானே போய் அடித்தேன்.
சான்றிதழின் நகல் ஒன்றுக்குப் பதினோரு பவுண்டு.
உங்கள் கோப்பில் மட்டும்
அவர் மாலையில் கிடைப்பார்.

பணத்துக்காக விலகுகிறேன் என்றால் எளிது.
நாளை கூப்பிடுவதாகக் கேலம் சொல்லியிருக்கிறான்.
குளிக்கிறார் என்ற பதில்
இப்போதே என் நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அனுப்பும் தாள் இதுதான்:
ஒப்பந்த எண் 40718.
உங்கள் சேவையை ரத்து செய்கிறேன்.
என் சார்பில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.
கிடைத்ததற்கு எழுத்தில் பதில் தரவும்.
தொலைபேசியில் வேண்டாம்.
எலுனெட் ப்ரோசர்.

பழக்கத்தில் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு
இடம் விட்டிருந்தேன்.
அங்கே தேதியைப் போட்டேன்.

பலசரக்குக் கடையின் பின்பக்கம் தபால் கவுண்டர்.
பூனைத் தீவனத்துக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் நடுவே வரிசை.
பதிவுத் தபால் என்றேன்.
உறையைத் தராசில் போட்டவள்
திரையைப் பார்த்தபடி கேட்டாள்,
உள்ளே மதிப்புள்ள பொருள் ஏதாவது?
எல்லோரிடமும் கேட்பதுதான்.

இல்லை என்றேன்.
மூன்றாம் தாள் கோட்டுப் பையில்
நான்காக மடிந்திருந்தது.