உரிமைக்கோரல் இலக்கம் ஒன்று

முதல் கடிதம் டுசல்டோர்பில் இருந்து வந்தது.
கொக்குவில் தபாற்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு
"வெளிநாட்டுக் காசோ?" என்றார்.
ஓம், காசுதான்.
போகிற காசு.

நாங்கள் செய்வது ஒரு வால்வு.
கிணற்றில் உப்பு ஏறினால்
தானாகவே பம்பை நிறுத்திவிடும்.
நவக்கிரி வெங்காயத்துக்கென்று செய்தது,
ஹொலண்டில் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்குப்
பிடித்துப்போனது. அறுநூறு வால்வு. பிறகு நாலாயிரம்.
பட்டறைக்கு இரண்டாவது லேத் வந்தது,
வங்கிக் கடனைக் கூட்டிக்கொண்டு.

உங்கள் வால்வின் நாக்கு, என்றது கடிதம்,
எங்கள் காப்புரிமையில்
உரிமைக்கோரல் இலக்கம் ஒன்றுக்குள்
நீட்டிக்கொண்டு நிற்கிறது.

வேலி வழக்கென்றால் எங்களுக்கு விளங்கும்.
கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்கு
நல்லது கெட்டதுக்கும் போகாத சொந்தம்
இந்த ஒழுங்கையிலேயே இருக்கிறது.
ஆனால் ஜேர்மனியில் அதற்கு இரண்டு வாசல்.
வேலி தாண்டினாயா என்று கேட்பது ஒரு நீதிமன்றம்.
அந்தக் காணிக்கு எழுதினதே கள்ள உறுதியோ என்று பார்ப்பது
வேறொரு நீதிமன்றம், வேறு ஊரில், ஆறுதலாக.
முதலாவது வருடத்துக்குள் தீர்ப்புச் சொல்லும்.
இரண்டாவது சொல்லி முடிக்க
என் மகள் ஏ.எல். எழுதிவிடுவாள்.
இடையில் விற்கக்கூடாது.

வால்வை வரைந்த கிருபாஜினி கேட்டாள்:
"அப்ப முதல் தூக்கு, பிறகு விசாரணையோ?"
தூக்கு இல்லை, தடையுத்தரவு மட்டுமே என்று
திரையில் இருந்த வழக்கறிஞர்
மிகப் பொறுமையாகத் திருத்தினார்.

லண்டன் என்றால் இரண்டையும் ஒரே மேசையில் வைப்பார்களாம்.
கிருபாஜினியைக் கூண்டில் ஏற்றி
நாள் முழுக்கக் குறுக்குக் கேள்வி.
வெல்லலாம் என்றார்.
எவ்வளவு முடியும் என்றேன்.
அவர் சொன்ன தொகைக்கு
இந்த ஒழுங்கையை இரண்டு தரம் வாங்கலாம்,
கோவில் மடத்தையும் சேர்த்து.

பிரான்சில் கடிதமே இல்லை.
லியோன் கண்காட்சியில், காலை ஒன்பதரைக்கு,
நீதிமன்ற அலுவலர் எங்கள் மேசைக்கு வந்தார்.
ஒரு தாளைக் காட்டினார்.
நாற்பத்தொரு வால்வை எண்ணி எழுதி
பெட்டிக்கு முத்திரை வைத்தார்.
"என்னைப் பிடிக்கேல்லை அண்ணை" என்றான் துஷ்யந்தன் தொலைபேசியில்,
"வால்வைத்தான். நன்றியும் சொல்லீட்டுப் போகினம்."

ஒரே தீவுக்குள் தேசவழமை என்று
தனிச்சட்டம் வைத்திருக்கிற நாங்கள்
ஒரு காகிதத்துக்கு ஊருக்கொரு வழக்கோ என்று
வாய் பிளக்க ஏலாது.
பிளந்தோம்.

இப்போது புதிதாக ஒன்று இருக்கிறதாம்:
பதினெட்டு நாட்டுக்கும் ஒரே நீதிமன்றம், ஒரே தீர்ப்பு.
வென்றால் பதினெட்டிலும் வென்றோம்.
தோற்றால்...
அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.
மின்பிறப்பாக்கி இயங்கி அவர் முகம் திரும்பி வந்தபோது
அந்த வசனத்தை நாங்களும் கேட்கவில்லை.

ஸ்பெயின்? என்றேன்.
ஸ்பெயின் அதற்குள் இல்லை.
அவர்கள் அங்கே காப்புரிமை பதியவும் இல்லை.
ஸ்பெயினில் தக்காளி உண்டோ?
உண்டு என்றார், நிறைய,
முதல் தரம் சிரித்து.

ஒரு தீர்ப்பும் வரவில்லை.
அதற்கு முன்பே ஹொலண்ட்காரர் எழுதினார்:
உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம்,
எங்கள் கண்ணாடி வீட்டுக்கு வழக்கு வேண்டாம்.
மூன்று வரி. கடைசியில் ஒரு சிரித்த முகம்.

அன்றிரவு கணக்குக் கொப்பியில் நிரல் கீறினேன்.
நாடு. வாசல். வழக்கு எத்தனை மாதம்.
எங்களிடம் எத்தனை மாதத்துக்குக் காசு.
மூன்றாவது நிரலில் எண்கள் தாவித் திரிந்தன.
நாலாவதில் எல்லா நாட்டுக்கும்
ஏழு.

கிருபாஜினி நாக்கைத் திரும்ப வரைகிறாள்,
கோரல் ஒன்றுக்கு வெளியே, இரண்டு மில்லிமீட்டர்.
பழைய வால்வு ஒன்று பட்டறைக் கிணற்றில் கிடக்கிறது.
நேற்றுப் பின்னேரம் பம்ப் தானாக நின்றது.
அவள் எட்டிப் பார்த்தாள், நீரைத் தொட்டு
நாக்கில் வைத்தாள்.
"வேலை செய்யுது" என்றாள்.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு
பெட்டியின் மேல்
அல்மேரியா விலாசத்தை எழுதத் தொடங்கினாள்.