ஐந்தொகை

கானோவில் இரவு ஒன்பது என்றால்
செக்காலையில் ஒன்றரை மணி.
அடகுக் கடை மாடியில்
என் விளக்கு மட்டும் எரியும்.
கீழே காவலுக்கு இருக்கும் சவரிமுத்து கேட்பார்:
"ஆச்சி, இன்னைக்கு எத்தனை பேரு?"
நானூற்று எண்பது.
"அம்புட்டுப் பேரையும் ஒத்தையா தூக்குறீகளா?"

விமானத்தில் ஒருமுறையும் ஏறாத நான்தான்
தூக்குகிறேன்,
இரண்டு கடலுக்கு இப்பாலிருந்து.
முன்னால் கனத்தால் மூக்கு எழும்பாது.
பின்னால் கனத்தால் வால் தரையில் உரசும்.
சூட்டில் காற்று மெலியும்;
அதையும் கழிக்க வேண்டும்.

ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ,
கைப்பை சேர்த்து.
தைக்காத இரண்டு வெள்ளைத் துணிக்குள்
எமிரும் மாட்டு வியாபாரியும் ஒன்றுதான் என்பார்
கானோ ஓடுதளத்திலிருந்து இனுவா.
எனக்கு அதை
மென்பொருள் எப்போதோ சொல்லிவிட்டது.

"சன்னு, சிகாப்பி" என்றுதான் தொடங்குவார்.
என் பெயரை இன்னும் அவருக்குச் சொல்ல வரவில்லை.
அன்றைக்குக் குரலில் சிரிப்பு:
ஒரே ஊர்ப் பெண்கள் நாற்பத்திரண்டு பேர்
பிரிந்து உட்கார மாட்டார்களாம்.
எல்லாரும் பின்னால்தானாம்.
தினைமாவு மூட்டைகளை, வாட்டிய இறைச்சியை
முன் அறைக்கு மாற்றச் சொன்னேன்.
முள் நடுவுக்கு வந்தது.

பிடிவாதக்காரி யார் என்றேன்.
இருபத்தேழு சி. லராபா.
புதன்கிழமை பிறந்தவளுக்கு வைக்கும் பெயராம்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது,
எங்கள் ஊரில் அப்படி ஒரு பேச்சு உண்டு என்றேன்.
அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.
பக்கத்து இருக்கை ஜும்மை, வெள்ளிக்கிழமைக்காரி,
எனக்கு ஏதாவது சொல்லேன் என்றாளாம்.
நேரமில்லை. கதவு மூடினார்கள்.

எங்கள் ஊருக்கும் ஓடுதளம் உண்டு.
கால்நடைப் பண்ணைக்கு அப்பால்,
போர்க்காலத்தில் போட்டுவிட்டு மறந்தது.
பகல் சூடு தங்கிய கல்லில்
மாடுகள் இரவில் படுத்திருக்கும்,
எல்லாம் ஒரே பக்கமாய்.
அதற்கு யாரும் தாள் கேட்பதில்லை.

முப்பத்தெட்டாம் நாள், ஜித்தாவிலிருந்து திரும்பும் பட்டியல்.
ஆட்கள் நானூற்று எழுபத்தொன்பது.
ஐந்து லிட்டர் ஜம்ஜம் கேன்
நானூற்று எண்பது.

திரை சிவந்தது:
ஆள் இல்லாத பொதி, இறக்குக.

மினாவிலா, மக்காவிலா,
வெயிலா, நெஞ்சா,
நான் கேட்கவில்லை.
"அங்கேயே அடக்கம்" என்றார் இனுவா.
அது பெரிய கொடுப்பினை என்றார்.
குரல் அப்படிச் சொல்லவில்லை.
இருபத்தேழு சி காலி.
அந்தப் பெண்கள் அதில் யாரையும் உட்கார விடவில்லை,
ஒரு பையைக்கூட.

ஐந்து கிலோவுக்கு
சமநிலைப் புள்ளி ஒரு மயிரிழை நகராது.
விதி விதிதான்.
எங்கள் அப்பச்சி கடையில்
ஐந்தொகை காலணா இடித்தாலும்
விடிய விடியத் தேடுவார்கள்.
நான் தேடவில்லை.
எது குறைகிறது என்று தெரிந்த பிறகு
தேட என்ன இருக்கிறது?

ஜும்மை, இருபத்தேழு டி:
கேன் இரண்டு, என்று எழுதினேன்.
தயாரித்தவர்: உ. சிகப்பி.
திரை பச்சையானது.
இனுவா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "முள் நடுவில் இருக்கிறது" என்றார்.
இருந்தது.

ஆறு மணிக்குச் சம்பைத் தண்ணீர் வந்தது,
இருபது லிட்டர் கேன்.
சவரிமுத்து கொண்டுவருகிறேன் என்றார்.
வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.
நாலு பேர் பங்கு என்று கணக்குப் போட்டது கை.
பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
உள்ளே தண்ணீர் ஆடி
அடங்க நேரமெடுத்தது.