எடை மேடை, கப்பலூர்

பத்தொன்பது வருஷமாக
இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து
லாரிகளுக்கு எண் சொல்கிறேன்.
மேலூர்க் கல் ஏற்றி வந்தால்
மேடை ஒருமுறை முனகும்.
முனகலை வைத்தே டன்னைச் சொல்லிவிடுவேன்,
இயந்திரம் பிறகு ஆமாம் போடும்.

அன்றைக்கு வெயிலுமுத்துவின் பத்துச் சக்கர வண்டி
கூண்டு கட்டி, தார்ப்பாய் போர்த்தி,
வைக்கோல் ஏற்றியதுபோல் உயரமாய் வந்து நின்றது.
மேடை முனகவில்லை.
சரக்கு மட்டும் ஐந்து டன் சொச்சம்.
"எறக்கி ஏத்துப்பா" என்றேன்.
பின்னால் போய்த் திரும்ப ஏற்றினான்.
அதே எண்.
தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான்,
சாம்பல் நிறத்தில் கல்.
ஒன்றை எடுத்தேன்,
கை ஏமாந்து
தோளுக்கு மேலே போய்விட்டது.

சாயப்பட்டறை விற்ற காசில்
துளசிராம் போட்ட சூளை.
ஒச்சம்மாவும் எட்டுப் பெண்களும்
மூடி கழற்றி, லேபிள் சுரண்டிப் போடுகிற
குவாட்டர் பாட்டில்கள்
மாவாகி, கரித்தூள் கொஞ்சம் சேர்ந்து,
எண்ணூற்றைம்பது டிகிரியில்
இட்லி மாதிரி உப்புகின்றன.
வெளியே வந்ததும் தானே வெடித்துக் கல்லாகும்.
கப்பலூர் வெயில்
அதற்குக் குளிர்.

"உள்ள பூராம் காத்துண்ணே,
குடிச்சவன் விட்ட மூச்சு" என்றாள் ஒச்சம்மா.

இதற்கும் உலகச் சந்தை இருக்கிறது.
நார்வேயில் ரோட்டுக்கு அடியில்
உறைபனி மண்ணைத் தூக்காமல் இருக்க.
ஜெர்மனியில் வீட்டுக்கு அடியில்
அடுப்புச் சூடு பூமிக்குள் ஒழுகாமல் இருக்க.
அங்கே காஸ் விலை ஏறி ஒரு சூளை அணைந்தால்
இங்கே ஒச்சம்மாவுக்கு ஓவர்டைம்.
கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால்
ஒச்சம்மா வீட்டில் இருப்பாள்.
"காத்துக்கு வாடகை கட்டி அனுப்புறேன் சார்"
என்று என் ஜன்னலில் சாய்ந்து சிரித்தார் துளசிராம்.
வாங்குகிறவன் டன் கேட்பதில்லை,
கன மீட்டர் கேட்கிறான்.
என் சீட்டைச் சுருட்டிக் காது குடையலாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை.
பாரம்தான் நிஜம் என்று நம்பிச்
சம்பளம் வாங்கியவன் நான்.

கண்மாய் ஓரத்து ரோடு ஒன்று
மூன்று தடவை சரளை தின்றது.
மூன்று தடவையும் களி
சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டது.
அத்தனை லோடும் என் கையெழுத்தில் போனவை.
"கொட்டின கனம்தான் ரோட்டை அமுக்குது" என்றார்
புதிதாக வந்த எஞ்சினியர் ஷாஹிரா பானு.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.
எனக்குத்தான் அப்படி இருந்தது.

நாலாவது தடவைக்கு
ஜெர்மன்காரன் வேண்டாமென்று விட்ட சரக்கு,
நாலு மாதமாய் முற்றத்தில் கிடந்தது,
பாதி விலைக்குப் போனது.

மேலே மண் போடுவதற்குள்
ஐப்பசி மழை.
விடிந்து பார்த்தால்
ஆகாயத்தாமரைக்கு நடுவே
கற்கள் மிதந்துகொண்டிருக்கின்றன.
இடுப்பளவுத் தண்ணீரில்
ஒச்சம்மாவின் ஆட்கள் வலை வீசிக்
கல் பிடித்தார்கள்.
ஏடு எதிரேறிய ஆற்றுப் பக்கத்து ஜனங்கள்,
ஒருவரும் வாய் பிளக்கவில்லை.
"கிலோ என்ன வெல?" என்றார்
சைக்கிளில் நின்ற ஒருத்தர்.

சொல்லத் தெரியவில்லை யாருக்கும்.

இப்போது ரோடு நிற்கிறது.
போன வாரம் முப்பத்தெட்டு டன் கிரானைட்
அதன் மேலேறித்தான் என்னிடம் வந்தது.
முனகல் கேட்டது, எண்ணைச் சொன்னேன்.
தப்பவில்லை.

மேசையில் ஒரு கல் வைத்திருக்கிறேன்,
சீட்டுகள் பறக்காமல் இருக்க.
ஃபேன் போட்டால்
சீட்டுகள் பறக்கின்றன,
கல் பின்னாலேயே உருண்டு
கீழே விழுகிறது.
குனிந்து எடுப்பதற்குள்
அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறது.